அடிக்கு ஒரு அங்குலம்

வாங்க தம்பி. வீல் சேருக்குத்தானே? காலையிலேயே மக போன்ல சொல்லிட்டா, வேடசந்தூர்ல இருந்து ஒருத்தர் வருவார், குடுத்திருங்கப்பான்னு. படியில ஏறாதீங்க, படி எதுக்கு? சந்துலயிருந்தே ஆரம்பிக்குது பாருங்க சரிவு, அதுல ஏறி வாங்க. மெதுவால்லாம் வர வேண்டாம், உங்க நடையிலேயே வாங்க.

மூச்சு வாங்குச்சா? வாங்காது. முப்பது அடி நடந்து வந்திருக்கீங்க, ரெண்டரை அடி உயரம் ஏறியிருக்கீங்க. ஏறின மாதிரியே தெரியலைல்ல? அதான் விஷயம். அடிக்கு ஒரு அங்குலம். கூடவும் இல்ல, குறையவும் இல்ல. எங்க வேணும்னாலும் டேப்பை வச்சுப் பாருங்க.

உட்காருங்க. சேர் உள்ள இருக்கு, துடைச்சு வச்சிருக்கேன். வலது பக்க பிரேக் கொஞ்சம் இறுக்கம், எண்ணெய் விட்டிருக்கேன், நாலு நாள் ஓடினா சரியாயிரும். அங்க ஓசூர்ல மாப்பிள்ளை பேட்டரியில ஓடுறதா ஒண்ணு வாங்கிட்டார். பொத்தானை அமுக்கினா அதுவா போகுமாம். இது இங்க சும்மாதானே கிடக்குதுன்னு மக சொன்னா. சும்மாதான் கிடக்கு. பொங்கல் கழிச்சு சௌந்தரம் வரும்போது அந்தப் பேட்டரிச் சேரோடதான் வருவா, அப்புறம் வீட்டுல ரெண்டு எதுக்கு?

சௌந்தரம்னா என் வீட்டுக்காரி. உங்க அம்மாவுக்கா சேர்? இடுப்பு எலும்பா? ஆமா, அந்த வயசுல விழுந்தா அது ஒண்ணுதான் முதல்ல போகும். இவளுக்கு அப்படி இல்ல. இவளுக்கு வந்தது பக்கவாதம். போன தை மாசம். கோலப்பொடி டப்பாவை எடுக்கக் குனிஞ்சவ அப்படியே சரிஞ்சிட்டா. இடது கை, இடது கால். பேச்சு மட்டும் நாலஞ்சு நாள்ல திரும்பிருச்சு. பேச்சு போயிருந்தா அவ உயிரோடவே இருந்திருக்க மாட்டா, அவ்வளவு பேசுவா. தெருவுல காய் வண்டி நின்னா அரை மணி நேரம். எதிர்ல கிரேஸ் அம்மா துணி காயப் போட வந்தா இன்னொரு அரை மணி நேரம். நான் அப்படி இல்ல. எனக்குப் பேச்சு கம்மி. நீங்க வந்திருக்கீங்கன்னு பேசுறேன்.

நான் ரோடு போடுற ஆபீஸ்ல டிராஃப்ட்ஸ்மேனா இருந்தேன். முப்பத்திநாலு வருஷம். ரோடு எங்க ஏறணும், எங்க இறங்கணும், எவ்வளவு ஏறணும்னு தாள்ல கோடு போட்டுக் குடுக்கிற வேலை. என் கோட்டை வச்சுத்தான் மண்ணு கொட்டுவாங்க. சின்ன வயசுல ஒரு ஓடைப் பாலத்துக்கு ஏத்தம் போட்டுக் குடுத்தேன், முப்பதுக்கு ஒண்ணு, அதாவது முப்பதடி போனா ஒரு அடி ஏறணும்னு. வேலை எடுத்தவர், இடம் பத்தலை, மண்ணும் பத்தலைன்னு பதினெட்டுக்கு ஒண்ணா முடிச்சிட்டார். நான் கத்தினேன். யாரும் கேக்கலை. ஆறாவது மாசம் கரும்பு ஏத்தின வண்டி ஒண்ணு அந்த ஏத்தத்துல பின்னால உருண்டு, வண்டிக்காரர் கால் சக்கரத்துக்கு அடியில போயிருச்சு. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். முழங்காலுக்குக் கீழ ஒண்ணும் இல்ல. அவர் என்னைத் திட்டலை, யாருன்னே அவருக்குத் தெரியாது. அன்னையிலயிருந்து சாய்வு விஷயத்துல நான் யார் சொல்லியும் விட்டுக் குடுத்ததில்ல. இதை முதல்லயே சொல்லிடணும். இல்லன்னா நான் ஏதோ வீம்புக்காரன்னு நினைச்சிடுவீங்க. எபனேசர் அப்படித்தான் தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கார்.

எபனேசர்ங்கிறது எதிர் வீடு. ஸ்கூல் வேன் ஓட்டுறவர். கிரேஸ் அம்மாவோட வீட்டுக்காரர். ஆள் நல்ல ஆள்தான், இல்லைன்னு சொல்லலை. ஆஸ்பத்திரியிலயிருந்து சௌந்தரத்தைக் கூட்டிட்டு வந்த அன்னைக்கு வேனை நிறுத்திட்டு ஓடி வந்து, அவரும் ஆட்டோக்காரரும் அவளைத் தூக்கிட்டு வந்து கட்டில்ல போட்டாங்க. அஞ்சு படி. நான்தான் அஞ்சு படி வச்சது. வீடு கட்டும்போது எல்லாரும் ஒண்ணரை அடி பேஸ்மட்டம் போதும்னாங்க. மழைத் தண்ணி உள்ள வந்துரும்னு நான்தான் ரெண்டரை அடியா உயர்த்தினேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு சொட்டு உள்ள வந்ததில்ல.

கட்டிலை இந்த முன்ரூம்லதான் போட்டிருந்தோம். ஜன்னல்ல பார்த்தா எபனேசர் வீட்டு மாடித் தண்ணி டேங்க் தெரியும், அவ்வளவுதான். தெரு தெரியாது. சத்தம் மட்டும் கேக்கும். அவ சத்தத்தை வச்சே சொல்லுவா, இது கீரைக்காரம்மா, இது ஸ்கூல் விட்டு வர்ற பிள்ளைங்க, இது யாரோ புதுசுன்னு. மூணாவது வாரம்னு நினைக்கிறேன், மாசி மாசம், இந்தச் சேர் வந்துச்சு. சேர்ல உட்கார்ந்ததும் அவ கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, சாயந்தரம் கேட்டுக்கிட்ட கொஞ்ச நேரம் உட்காரலாமா?"

"உட்காரலாமே. சரிவா ஒரு ராம்ப் போட்டுருவோம்"னேன். அன்னைக்கே கிராஃப் பேப்பரை எடுத்துட்டேன்.

கணக்கு ரொம்ப லேசு தம்பி. நீங்க பத்தாவதுல படிச்சிருப்பீங்க, மறந்திருப்பீங்க. ஒரு நேர்கோடு போட ரெண்டு விஷயம் தெரிஞ்சா போதும். கோடு எந்தப் புள்ளி வழியா போகுது, எவ்வளவு சாயுது. இங்க புள்ளி எது? இந்த நிலைவாசல். வாசல்லயிருந்து தூரம் பூஜ்யம், தரையிலயிருந்து உயரம் முப்பது அங்குலம். சாய்வு எவ்வளவு? வீல் சேருக்குப் பன்னிரண்டுக்கு ஒண்ணுன்னு விதி இருக்கு. பன்னிரண்டு அங்குலம் போனா ஒரு அங்குலம் இறங்கணும். அதாவது அடிக்கு ஒரு அங்குலம். தூரத்தை அடியில எக்ஸ்னு வச்சுக்கங்க, உயரத்தை அங்குலத்துல ஒய்னு வச்சுக்கங்க. ஒய் மைனஸ் முப்பது, ஈக்வல் டு, மைனஸ் எக்ஸ். முடிஞ்சுது. பத்தடி தள்ளி வந்தா உயரம் இருபது அங்குலம். இருபது அடியில பத்து அங்குலம். முப்பது அடியில தரை. மூணு புள்ளி வச்சு ஸ்கேலை வச்சு இழுத்தா கோடு. புள்ளியும் சாய்வும் தெரிஞ்சிட்டா கோடு ஒண்ணுதான், ரெண்டாவது கோடே கிடையாது.

போட்டுப் பார்த்தா என் கேட்டு வரைக்கும் இருபத்திரண்டு அடிதான் இருக்கு. கேட்டுக்கிட்ட வரும்போது கோடு இன்னும் எட்டு அங்குலம் மேல நிக்குது. மிச்சம் எட்டு அடி சந்துக்குள்ள போகணும். சந்து பொதுப் பாதை. அங்கதான் வந்துச்சு வினை.

எபனேசரைக் கூப்பிட்டு கிராஃபைக் காட்டினேன். நிதானமாத்தான் பார்த்தார். "சார், எட்டடி இங்க வந்துட்டா என் வேன் திரும்பாது. காலையில ஏழு மணிக்குப் பதினாலு பிள்ளைகளை ஏத்தணும்"னார். பின்னால எடுத்துட்டுப் போங்களேன்னேன். "பிள்ளைங்க நிக்கிற சந்துல வண்டியை ரிவர்ஸ்ல எடுக்க மாட்டேன் சார்"னார். "எதுக்கு சார் இவ்வளவு? தினமும் சாயந்தரம் வண்டியை விட்டதும் நான் வர்றேன், நீங்களும் ஒரு கை குடுங்க, சேரோட தூக்கி அக்காவை இறக்கிருவோம். ஒரு மணி நேரம் கழிச்சு ஏத்திருவோம். அஞ்சு படிதானே"னார்.

எனக்கு வந்துச்சே கோபம். "என் பெண்டாட்டி என்ன அரிசி மூட்டையா, ஆளுக்கு ஒரு பக்கம் தூக்குறதுக்கு?"ன்னு கேட்டுட்டேன். அவர் கிராஃபை மடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிட்டார்.

உள்ள வந்தா இவ எல்லாத்தையும் கேட்டுட்டிருக்கா. "அரிசி மூட்டையா இருந்தா இந்நேரம் வெளியே போயிருக்கும்"ங்கிறா. அவளுக்கு எப்பவுமே அந்தக் குசும்பு உண்டு. நீங்க சிரிக்கிறீங்க. நானும் அப்பச் சிரிச்சேன்.

அப்புறம் வீரணன் கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தேன். அவர் கிராஃபைப் பார்க்கவே இல்ல. வாசல்ல நின்னு கேட்டு வரைக்கும் பார்வையாலேயே அளந்துட்டு, "உள்ளுக்குள்ளேயே முடிச்சிரலாங்க சார். கொஞ்சம் சறுக்கலா வரும், அவ்வளவுதான். பின்னால ஒரு ஆள் பிடிச்சுக்கிட்டா போதும். டவுன்ல பாதி ஆஸ்பத்திரியில அப்படித்தான் கிடக்கு"ன்னார். முப்பதை இருபத்திரண்டால வகுத்துப் பாருங்க. அடிக்கு ஒண்ணேகாலுக்கும் ஒண்ணரைக்கும் நடுவுல வருது. நான் அவர்கிட்ட அந்தக் கரும்பு வண்டிக் கதையைச் சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "அக்கா என்ன எடை சார் இருப்பாங்க?"ன்னு கேக்குறார். இவங்ககிட்ட என்ன பேச முடியும்? போயிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன்.

பங்குனி போச்சு. நகராட்சி ஆபீசுக்கு மனு எழுத ஆரம்பிச்சேன். பொதுப் பாதையில எட்டடிக்கு அனுமதி வேணும்னு எழுதி, கூடவே கிராஃபும் வச்சேன். ஒவ்வொரு தடவையும் புதுசா வரைஞ்சுதான் வைப்பேன், ஜெராக்ஸ் வைக்க மாட்டேன். சந்துல குடியிருக்கிறவங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டா பார்க்கலாம்னாங்க. எல்லாரும் போட்டாங்க, எபனேசரைத் தவிர. நான் திரும்பவும் எழுதினேன். பகல் பூரா இந்த மேஜைதான். அவ கட்டில்ல இருப்பா, நான் இங்க உட்கார்ந்து வரைவேன். "என்னங்க பண்றீங்க?"ம்பா. "உனக்காகத்தான் வரைஞ்சுக்கிட்டு இருக்கேன்"பேன். கொஞ்ச நேரம் கழிச்சு, "வெளியே வெயில் தாழ்ந்திருச்சா?"ம்பா. "பார்த்துச் சொல்றேன்"பேன். வரைஞ்சுக்கிட்டு இருக்கும்போது எனக்கு மத்தது ஞாபகம் வராது. அவளுக்குத் தெரியும் அது.

கிரேஸ் அம்மா முதல்ல தினமும் வந்து உட்கார்ந்திருப்பாங்க. வீட்டுக்காரருக்கும் எனக்கும் பேச்சு இல்லைன்னு ஆனதுக்கு அப்புறம் அவங்களும் குறைச்சுக்கிட்டாங்க. நான் வராதீங்கன்னு சொல்லலை. ஒரு தடவை அவங்க வந்தப்ப, "உங்க வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டாரா?"ன்னு கேட்டேன். அது ஒரு தப்பா?

வைகாசியில ஒரு நாள் சௌந்தரம் அந்தக் கிராஃபைக் கேட்டா. "குடுங்க, நானும் பார்க்கிறேன்." அவ அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. கணக்குல என்னைவிடக் கெட்டி, கல்யாணத்தப்ப அவங்க அப்பா அதைச் சொல்லித்தான் பெருமைப்பட்டார். மடியில அட்டையை வச்சு, நல்ல கையில பென்சிலைப் பிடிச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தா. அப்புறம், "சாய்வை மாத்தக் கூடாது, அப்படித்தானே?"ன்னா. ஆமான்னேன்.

"புள்ளியை மாத்தலாமே"ன்னா.

எனக்குப் புரியலை. "சமையல்கட்டு வாசல் இருக்குல்ல. அது தாழ்வுதானே? பாத்திரம் விளக்குற இடத்துக்காக நீங்கதான் ஒரு அடி குறைச்சு வச்சீங்க. உள்ள நடை பன்னிரண்டு அடி இருக்கு, அந்த ஒரு அடிக்கு அதுல பலகை போட்டு இறங்கிக்கலாம். அங்கயிருந்து ஆரம்பிச்சா முப்பது இல்ல, பதினெட்டுதான்." சொல்லிக்கிட்டே ஒரு கோடு போட்டா. ஸ்கேலைப் பிடிக்க இன்னொரு கை இல்லாததால கோடு கொஞ்சம் நடுங்கியிருந்துச்சு. ஆனா கணக்கு சரி. ஒய் மைனஸ் பதினெட்டு, ஈக்வல் டு, மைனஸ் எக்ஸ். என் கோட்டுக்கு இணையா, அதுக்குக் கீழ, பதினெட்டு அடியில தரையைத் தொட்டுச்சு. எங்க காம்பவுண்டுக்குள்ளயே இருக்கிற பக்கவாட்டுச் சந்து வழியா வந்து கேட்டுக்கு உள்ளேயே முடிஞ்சிரும். யார்கிட்டயும் அனுமதி வேண்டாம்.

சரியான கோடுதான். நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா அந்தப் பக்கவாட்டுச் சந்துல என் ஷெட் இருந்துச்சு தம்பி. தகர ஷெட். முப்பத்திநாலு வருஷத்து வரைபடம் எல்லாம் அதுலதான் சுருட்டி வச்சிருந்தேன், ஆபீஸ்ல வேண்டாம்னு கழிச்சது. அதைப் பிரிச்சாத்தான் ராம்ப் வரும். அது மட்டும் இல்ல. கட்டின பெண்டாட்டியைக் கொல்லைப்புறம் வழியாவா வெளியே கூட்டிட்டுப் போவாங்க? பாத்திரம் விளக்குற இடத்தைத் தாண்டி? அவ மகாராணி மாதிரி முன்வாசல் வழியாப் போகணும்னு எனக்கு. அதைத்தான் அவகிட்டயும் சொன்னேன். "நீ முன்வாசல் வழியாத்தான் போவே, பார்த்துக்கிட்டே இரு"ன்னேன்.

அவ பென்சிலை அட்டை மேல வச்சிட்டா. "சரிங்க"ன்னா. அதுக்கு அப்புறம் அவ ராம்ப்பைப் பத்திக் கேக்கவே இல்ல. என் மேல முழுசா நம்பிக்கை வந்திருச்சுன்னு வச்சுக்கங்களேன்.

ஆடி மாசம் மக வந்தா. தேன்மொழி. லீவு கிடைக்காம அஞ்சு மாசமா போன்லதான் பேசிக்கிட்டு இருந்தா. வந்து அம்மா தலையைச் சீவி விட்டுக்கிட்டே, "கடைசியா எப்பம்மா வெளியே போனே?"ன்னு கேட்டா. இவ யோசிச்சு, "ஆஸ்பத்திரியிலயிருந்து வந்தேன்ல, அன்னைக்கு"ன்னா. மக என்னைப் பார்த்தா. நான் உடனே ஃபைலை எடுத்துட்டு வந்து எல்லாத்தையும் காட்டினேன். பதினொரு மனு. பதினொரு கிராஃப். எபனேசர் ஒருத்தர் கையெழுத்துப் போட்டிருந்தா சித்திரையிலேயே முடிஞ்சிருக்கும்னு சொன்னேன். ஒவ்வொரு தாளா புரட்டினா. ஒண்ணும் பேசலை. அம்மா மாதிரி இல்ல அவ, என்னை மாதிரி.

மறுநாள் காலையில பெட்டி கட்டிட்டாங்க. "கொஞ்ச நாள் எங்ககூட இருக்கட்டும்ப்பா. அங்க லிஃப்ட் இருக்கு, கீழ பார்க் இருக்கு." நல்ல விஷயம்தானே? நான் எதுக்கு வேண்டாங்கப் போறேன்? எனக்கும் வேலையை முடிக்க நேரம் கிடைக்கும்னுதான் நினைச்சேன். என்னையும் கூப்பிட்டாங்க. மனு பாதியில நிக்குதே, எப்படிப் போறது?

அவளை எப்படி இறக்கினாங்கன்னு கேக்குறீங்களா? மக நேரா எதிர் வீட்டுக்குப் போய் எபனேசரைக் கூட்டிட்டு வந்துட்டா. அவர் ஒரு பக்கம், கார் டிரைவர் ஒரு பக்கம். ஒரு பிளாஸ்டிக் சேர்ல உட்கார வச்சுத் தூக்கினாங்க. நான் போய்க் கேட்டைத் திறந்து பிடிச்சுக்கிட்டேன். ரெண்டு நிமிஷம் ஆகியிருக்கும். ரெண்டு நிமிஷம் கூட இல்ல. சேரைக் கீழ வச்சதும் கார்ல ஏத்தப் போனாங்க. சௌந்தரம், "கொஞ்சம் இருங்க"ன்னா. கேட்டுக்கிட்ட அப்படியே உட்கார்ந்திருந்தா. காலையில தெருவுல ஒண்ணும் இல்ல. ஒரு நாய் படுத்திருந்துச்சு. யாரோ வாசல் தெளிச்சிருந்தாங்க, ஈரம் இருந்துச்சு. அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா. கிரேஸ் அம்மா வந்து கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாங்க. இவ அழலை. அஞ்சாறு நிமிஷம் கழிச்சு, "போலாம்"னா. என்னைப் பார்த்து, "மாத்திரை டப்பா ஃபிரிட்ஜ் மேல இருக்கு, நேரத்துக்குப் போட்டுக்கங்க"ன்னா. நான், "நீ வரும்போது ராம்ப் ரெடியா இருக்கும்"னேன். தலையாட்டினா.

அன்னைக்குச் சாயந்தரமே எபனேசர் வந்தார். கையில என் கிராஃப் ஒண்ணு, முதல் தடவை அவர்கிட்ட குடுத்தது. கேட்டுக்கு வெளியேயே நின்னுக்கிட்டு, "கட்டிக்கங்க சார். நான் வேனை மெயின் ரோட்டுலேயே நிறுத்திக்கிறேன், பிள்ளைங்க நடந்து வரட்டும்"னு சொல்லி, கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டுப் போனார். பார்த்தீங்களா? அஞ்சு மாசம் பிடிவாதமா இருந்தவர். கடைசியில என் கணக்கு சரின்னு அவருக்கும் தெரிஞ்சு போச்சு. இதையே முன்னாடி பண்ணியிருந்தா அவ போயிருக்கவே மாட்டா. அதுதான் எனக்கு இன்னும் ஆறலை.

புரட்டாசியில வேலை ஆரம்பிச்சோம். வீரணன்தான். கேட்டைக் கழத்தியாச்சு. வாசல்லயிருந்து கயிறு கட்டி, ஒவ்வொரு அடிக்கும் ஒரு முளை அடிச்சு, ஒவ்வொரு முளையிலயும் ஒரு அங்குலம் குறைச்சுக் குறி வச்சேன். இருபத்தொன்பது முளை. நான் பக்கத்திலேயே நின்னேன். ஒரு இடத்துல கால் அங்குலம் தூக்கலா போச்சு, உடைச்சுத் திரும்பப் போடச் சொன்னேன். வீரணன் முணுமுணுத்துக்கிட்டே போட்டார். முடிஞ்ச அன்னைக்கு நானே இந்தச் சேர்ல உட்கார்ந்து, சக்கரத்தை நானே தள்ளி, கீழயிருந்து மேல வந்தேன். அறுபத்தெட்டு வயசு எனக்கு. ஒரு இடத்துலயும் சிரமமே இல்ல. மேல வந்ததும் மகளுக்குப் போன் போட்டேன். அம்மா தூங்குறா, எழுந்ததும் சொல்றேன்னா. சொல்லியிருப்பா.

ஐப்பசி மழையில ஷெட் ஒழுகிருச்சு. பாதி வரைபடம் ஊறிப் போய் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு. பிரிக்கப் பிரிக்கக் கிழியுது. எல்லாத்தையும் எடைக்குப் போட்டுட்டு ஷெட்டையும் பிரிச்சிட்டேன். இப்ப அந்தப் பக்கவாட்டுச் சந்து வெறுமனேதான் கிடக்கு.

கார்த்திகையில அவ வந்தா. கிரேஸ் அம்மா மகளுக்கு நிச்சயதார்த்தம், அதைச் சாக்கா வச்சு வந்தா. கார்லயிருந்து பேட்டரிச் சேரை இறக்கி, நேரா எதிர் வீட்டுக்குப் போனாங்க. அங்க ஒரு படிதான், ரெண்டு பேர் சேரைத் தூக்கி வச்சிட்டாங்க. நான் இங்க வாசல்ல வெள்ளை வேட்டி கட்டிக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்தேன். வீட்டை முதல் நாளே கழுவி விட்டிருந்தேன். கட்டில் விரிப்பு மாத்தியிருந்தேன். அங்க ஒரே சிரிப்புச் சத்தம், அவ குரலும் கேக்குது. பன்னிரண்டு மணிக்கு நானே போய்க் கூப்பிட்டேன். "வந்து பாரேன்."

வந்தா. பக்கத்துல தேன்மொழி நடந்து வந்தா, சந்துல ரெண்டு மூணு பேர் நின்னு பார்த்தாங்க. கீழ ஆரம்பத்துல நின்னு ஒரு தடவை மேல வரைக்கும் பார்த்தா. அப்புறம் பொத்தானை அமுக்கினா. தம்பி, நீங்க பார்த்திருக்கணும். ஒரே சீரா வந்துச்சு அந்த வண்டி. எங்கயும் இழுக்கலை, குலுங்கலை. நான் கூடவே நடந்து வந்து, பன்னிரண்டு அடியில பதினெட்டு, பத்தடியில இருபதுன்னு சொல்லிக்கிட்டே வந்தேன். மேல வந்து இதோ இந்த இடத்துல, நிலைப்படிக்கு முன்னால நிறுத்தினா. உள்ள பார்த்தா. கட்டில் தெரியும் இங்கயிருந்து. ஜன்னல் தெரியும்.

"உள்ள வா"ன்னேன்.

"இருக்கட்டுங்க"ன்னா. சேரைத் திருப்பி தெருவைப் பார்த்து நிறுத்தினா. "நல்லா வந்திருக்குங்க. எவ்வளவு நேரா இருக்கு"ன்னா. என் கை மேல அவ நல்ல கையை வச்சா. அப்புறம் பொத்தானை அமுக்கி இறங்கிட்டா. எதிர் வீட்டுல பந்தி ஆரம்பிச்சிருந்துச்சு, அதான்.

ஏறவும் பார்த்தா, இறங்கவும் பார்த்தா. இறங்குறதுதான் முக்கியம், இறங்கும்போதுதான் சாய்வு தப்பா இருந்தா தெரியும். ரெண்டையும் பார்த்துட்டுத் திருப்தியா போனா. பொங்கல் கழிச்சு அவளைக் கூட்டிட்டு வர்றதா மக சொன்னா. சொன்னான்னா, நான் கேட்டேன், பார்க்கலாம்ப்பான்னா. மக பார்க்கலாம்னா கூட்டிட்டு வருவான்னுதான் அர்த்தம்.

சரி, சேரை எடுத்துட்டு வர்றேன். மடிச்சா இவ்வளவுதான், பஸ்ல கடைசி சீட்டுக்குப் பின்னால வச்சுக்கலாம். நில்லுங்க, உங்க வீட்டுல எத்தனை படி? மூணா? அப்ப ஒண்ணரை அடி இருக்கும். பதினெட்டு அங்குலம், பதினெட்டு அடி. முன்னால அவ்வளவு இடம் இருக்கா? இல்லையா? பரவாயில்ல, ஒரு நாள் டேப்போட வர்றேன், என்ன வழின்னு பார்ப்போம். கிராஃப் போட்டுத் தர்றேன். எனக்கு இப்ப வேலை ஒண்ணும் இல்ல.

என்ன?

தூக்கிக்குவீங்களா. நீங்களும் பக்கத்து வீட்டுக்காரரும். தினமுமா? இப்பவே சாதா சேர்ல வச்சுத் தூக்கிட்டுத்தான் இருக்கீங்களா.

டீக்கடை வரைக்கும் கூட்டிட்டுப் போவீங்களா அம்மாவை. சரி. தூக்கும்போது பயப்பட மாட்டாங்களா? முதல் ரெண்டு நாள் பயந்தாங்களா. அப்புறம்? சிரிக்கிறாங்களா.

சரி.

இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி. அன்னைக்கு இவளைத் தூக்கும்போது நான் முகத்தைப் பார்க்கலை. கேட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்னு சொன்னேன்ல. கொக்கி சரியா மாட்டலை, அதைப் பார்த்துக்கிட்டு இருந்தேன். பயந்தாளா சிரிச்சாளான்னு தெரியலை. எபனேசருக்குத் தெரிஞ்சிருக்கும். அவர்கிட்ட போய் எப்படிக் கேக்குறது?

அதுக்குள்ள எழுந்துட்டீங்களா? வேடசந்தூர் பஸ் நாலரைக்குத்தான், இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. ஸ்டாண்டுல போய் நிக்கிறதுக்கு இங்க உட்காருங்க. டீ போடுறேன். பால் இருக்கு. எனக்கு ரெண்டு டம்ளருக்குத்தான் அளவு தெரியும். ஒரு டம்ளருக்குப் போட்டா ஒரு நாளும் சரியா வர மாட்டேங்குது.